அம்பாசடர் மிஸ்ஸிங்: முன்னாடி வெடிக்குதா, பின்னாடி வெடிக்குதா?

பழைய வண்டி வைத்திருப்பவர் யாராவது போன் பண்ணி, “சார், வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, டப்பு டப்புனு வெடிக்குது” என்று சொன்னால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: முன்னாடி வெடிக்குதா, பின்னாடி வெடிக்குதா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. சத்தம் கேட்டதும் பதறிப்போய் நேராக மெக்கானிக் கடைக்கு ஓட்டிவிடுகிறார்கள். அங்கே முதலில் கழற்றப்படுவது கார்பரேட்டர். அதன் மேல் எந்தத் தப்பும் இல்லாதபோதும் அதைத்தான் கழற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சில நட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

முன்னாடி என்றால் கார்பரேட்டர் வழியாக, ஏர் ஃபில்டர் பக்கம் துப்புவது. பின்னாடி என்றால் சைலன்சரில் வெடிப்பது. இரண்டுமே பெட்ரோல் எரியக் கூடாத இடத்தில் எரிவதால் வருகிற சத்தம். ஆனால் காரணம் வேறு. இன்லெட் வால்வு திறக்கும் நேரத்திலும் சிலிண்டருக்குள் நெருப்பு அணையாமல் இருந்தால் அது முன்பக்கம் பாயும். பெட்ரோல் குறைந்து காற்று கூடிப்போனால் கலவை மெதுவாக எரியும், அப்போது இது நடக்கும். கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டின் பேக்கிங்கில் காற்று இழுத்தாலும், இன்லெட் வால்வு சரியாக உட்காராவிட்டாலும், ஸ்பார்க் வரும் நேரமான டைமிங் பின்தங்கியிருந்தாலும் இதே கதைதான். சைலன்சர் வெடிப்பது நேர் எதிர். உள்ளே எரியவே எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய், சூடான குழாயில் அடுத்த சிலிண்டரின் நெருப்புப் பட்டுப் பற்றிக்கொள்கிறது. பின்னாடி வெடித்தால், உள்ளே ஏதோ ஒரு முறை ஸ்பார்க் வரவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இரண்டாவது கேள்வி தாளம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஸ்லோவில் (ஐட்லிங்) விட்டு, சைலன்சர் வாய்க்குப் பின்னால் குனிந்து நின்று கேளுங்கள். ஒரே சீராக, மூன்று நல்ல அடி, ஒரு காலி, மறுபடி மூன்று நல்ல அடி, ஒரு காலி என்று வந்தால் ஒரு சிலிண்டர் செத்திருக்கிறது. பிளக், அதன் ஒயர், அதன் வால்வு என்று அந்த ஒரு சிலிண்டரோடு தேடலை முடித்துக்கொள்ளலாம். எது என்று தெரிய, நல்ல இன்சுலேஷன் உள்ள குறடால் ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தால் போதும். எதைப் பிடுங்கினால் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான். தாளமே இல்லாமல், நினைத்தபோது ஒரு டப், அப்புறம் கொஞ்ச நேரம் நல்லா ஓட்டம், மறுபடி இரண்டு டப் என்றால் பழுது நாலு சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுப்பது), பாயிண்ட் (காயிலின் கரண்டை இணைத்து வெட்டும் சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), ரோட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது), இவற்றை இணைக்கும் ஒயர். இல்லையென்றால் பெட்ரோல் வரும் வழி.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபீடர், அதாவது ஊருக்குக் கரண்ட் போகும் லைன், ட்ரிப் ஆனால் ராத்திரியில் ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பார்க்க மாட்டோம். நடுவில் லைனை இரண்டாகப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு முன்பாதியை மட்டும் சார்ஜ் பண்ணுவோம். ட்ரிப் ஆகாமல் நின்றால் பழுது பின்பாதியில். அப்புறம் அந்தப் பாதியையும் பாதியாக்குவோம். வண்டிக்கும் அதே வழிதான் என்பது என் உறுதியான நம்பிக்கை. பொருளை மாற்றி மாற்றிப் பழுது பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதில் காசு போவது ஒரு பக்கம், எதனால் சரியானது என்பதே கடைசி வரை தெரியாமல் போய்விடும்.

என்னுடையது 1984 மாடல் மார்க் 4, பெட்ரோல். 1489 சிசி, பி.எம்.சி. பி-சீரிஸ் என்று சொல்லப்படும் இங்கிலாந்து வடிவமைப்பு இன்ஜின், சோலெக்ஸ் கார்பரேட்டர். அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இலிருந்து வந்ததுதானே. உத்தரபாராவில் 2014-இல் தயாரிப்பு நிற்கும் வரை வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும், முன்னாடி ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றலாம். பழுது பார்க்க இதைவிட வசதியான வண்டி எனக்குத் தெரியாது.

இந்த வண்டியில் போன வருஷம் ஒரு டப் வந்தது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி தாண்டி வத்தலக்குண்டு போகிற ரோட்டில், 50, 60-இல் ஏக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி சும்மா போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வெட்டு, கூடவே சைலன்சரில் ஒரு டப். தாளம் கிடையாது. சில சமயம் வரிசையாக மூன்று நாலு. காமக்காபட்டி தாண்டி கொடைக்கானல் மலைப்பாதை ஏற ஆரம்பித்ததும் சத்தமே இல்லை. இரண்டாவது கியரில் முழுக்க மிதித்து ஏறினாலும் வண்டி தங்கமாக இழுத்தது. மறுபடி மலை இறங்கும்போது பொட பொடவென்று வேறு மாதிரி ஒரு சத்தம்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் இருக்கிற தம்பி கெட்டிக்காரன். அவனும் கார்பரேட்டரைத்தான் சொன்னான், அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான மெயின் ஜெட்டை.

“மெயின் ஜெட்ல அடைப்பு சார். கழட்டி ஊதிடலாம்.”

“அடைப்புன்னா மலை ஏறும்போதுல்ல திணறணும் தம்பி? அங்கதான பெட்ரோல் நிறையத் தேவை?”

“அப்ப காயில் வீக்கா இருக்கும்.”

“காயில் வீக்னாலும் லோடுலதான முதல்ல தெரியும்?”

அவன் யோசித்தான். யோசிக்கிற மெக்கானிக் கிடைப்பது பாக்கியம். சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு அழுத்தமாக நிரம்புகிறதோ அவ்வளவு அதிக வோல்டேஜ் வேண்டும், பிளக் இடைவெளியைத் தாண்டிக் குதிக்க. முழுக்க மிதிக்கும்போதுதான் அது உச்சம். மலையில் தாண்டுகிற ஸ்பார்க் சமவெளியில் தாண்டாமல் போக வேண்டுமென்றால், காயிலோ பிளக்கோ காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் லேசான மிதியில் மட்டும் கலவை காய்ந்துபோய், அதாவது பெட்ரோல் குறைந்து, மிஸ் ஆவதும் உண்டு. அதை ஒதுக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. டப் அடித்துக்கொண்டிருக்கும்போதே சோக்கை அரை அங்குலம் இழுத்தேன். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் அந்த நொடியே சரியாக வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை. அதோடு கார்பரேட்டரை அந்த விஷயத்தில் நான் விட்டுவிட்டேன், அதைக் கழற்றவும் விடவில்லை.

அப்படியானால் ஏற்றத்தில் இல்லாத, ஸ்லோவில் இல்லாத, லேசாக மிதித்துப் போகும்போது மட்டும் வண்டியில் நடக்கிற காரியம் எது? ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வேக்கம் அட்வான்ஸ்.

கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாயிண்டும் ரோட்டரும் இருக்கும் டப்பா) ஒரு மெல்லிய குழாய் போவதைப் பார்த்திருப்பீர்கள். லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாக நிரம்புவதால் அது மெதுவாக எரியும். அதனால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். அந்தக் குழாயில் வரும் உறிஞ்சல் ஒரு டயாஃப்ரத்தை இழுக்க, டயாஃப்ரம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சில டிகிரி திருப்பும். முழுக்க மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஸ்லோவிலும், குழாயின் துளை த்ராட்டில் தட்டுக்கு மேலே இருப்பதால் உறிஞ்சல் இல்லை. அதாவது அந்தத் தட்டு அசைவதே செம்பட்டி ரோட்டில் நான் போகிற மாதிரிப் போகும்போதுதான்.

ஏ.பி. சுவிட்சைத் திறக்கிற வேலை இங்கே சுலபம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் குழாயைப் பிடுங்கி, காற்று இழுக்காதபடி அதன் வாயில் ஒரு ஸ்க்ரூவை வைத்து அடைத்துவிட்டு அதே ரோட்டில் ஓட்டினேன். இழுவை கொஞ்சம் மந்தம்தான். ஆனால் டப் என்ற பேச்சே இல்லை. திரும்ப மாட்டினேன், டப் வந்தது. பழுது இப்போது ஒரு கைப்பிடி அளவு டப்பாவுக்குள் வந்துவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, ஹேண்டில் போட்டுப் பாயிண்ட் மூடியிருக்கும் நிலைக்கு இன்ஜினைச் சுற்றி நிறுத்தினேன். காயிலிலிருந்து வரும் சன்ன ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் ஒயர் டெர்மினலிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் பிடித்தேன். பாயிண்ட் மூடியிருப்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது, சரி. அப்புறம் வேக்கம் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினேன். தட்டு நகர நகர மீட்டரில் எண் தாவியது, கொஞ்ச தூரத்தில் ஓப்பன் காட்டியது. விட்டால் மறுபடி பூஜ்யம். அடுத்து பாடியில் இருந்த முனையை எடுத்துப் பாயிண்ட் தட்டின் மேலேயே வைத்து உறிஞ்சினேன். இப்போது அசைவே இல்லை, பூஜ்யத்திலேயே நின்றது. ஆக பாயிண்ட் நல்லது, உள்ளே வரும் ஒயரும் நல்லது. அசையும் தட்டுக்கும் பாடிக்கும் இடையே எர்த் போய்விட்டது.

அந்த எர்த்துக்காகவே ஒரு குட்டி ஒயர் உள்ளே இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. நூல் உறை போட்ட, செம்புப் பின்னல் ஒயர். தட்டில் ஒரு நுனி, அசையாத அடித்தட்டில் ஒரு நுனி. மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்ன இடுக்கியால் உறையை ஒதுக்கிப் பார்த்தால், உள்ளே பின்னல் பெரும்பாலும் அறுந்து கருத்து, இரண்டே இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டு திரும்பினால் அந்த இழை விலகுகிறது, பழைய இடத்துக்கு வந்தால் தொடுகிறது. நாற்பது வருஷமாக ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து நிமிர்ந்த ஒயர், அறுந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது.

3000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு நிமிஷத்துக்கு 6000 ஸ்பார்க், வினாடிக்கு 100. ஒவ்வொன்றுக்கும் காயிலில் கரண்ட் நிரம்ப பாயிண்ட் மூடி, எர்த் கிடைக்க வேண்டும். இடையில் ஒன்றிரண்டு முறை எர்த் விட்டுப்போனால் அந்தக் கலவை பச்சையாக சைலன்சருக்குப் போகிறது. அடுத்த நல்ல அடியின் நெருப்பில் டப்.

இதற்கு வீட்டு வயரிங் ஒயரைப் போட்டுவிடாதீர்கள். அது விறைப்பானது, தட்டைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும், சீக்கிரமே அறுந்தும்விடும். வேண்டியது மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான இழை உள்ள பின்னல். நான் எடுத்தது ட்ரில்லிங் மெஷின் கார்பன் பிரஷ்ஷின் வால். பிரஷ் தேய்ந்து போனதும் எல்லாரும் தூக்கிப் போடுகிற அந்தச் செம்புப் பின்னல், ஓயாமல் அசைவதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டு நுனியிலும் சின்ன லக் (ஒயர் நுனியில் போடும் வளையம்) வைத்து அழுத்தினேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அது திரி எண்ணெயை இழுப்பது போலப் பின்னலுக்குள் ஏறி, ஏறின தூரம் முழுக்கக் கம்பி மாதிரி விறைத்துவிடும். அப்புறம் விறைப்பு முடிகிற இடத்தில் அறும். மாட்டியதும் உறிஞ்சிப் பார்த்தேன், மீட்டர் அசையவில்லை. பாயிண்ட் இடைவெளியை 15 தௌவுக்கு (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து மூடினேன். செம்பட்டி ரோட்டில் டப் போய்விட்டது.

மலை இறங்கும்போது வந்த பொட பொட மட்டும் போகவில்லை. அது தனிப் பழுது, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால்தான் குழப்பம். காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் வண்டி இன்ஜினை இழுத்துக்கொண்டு போகும்போது கலவை சரியாக எரியாமல் வெளியே போவது இயல்பு. குழாயில் வெளிக்காற்று புகாதவரை பெரும்பாலும் அது வெடிக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களிலிருந்து புகை வெளியே வரும் குழாய்) சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் பேக்கிங் எரிந்துபோயிருந்தது. சுற்றிலும் கரிக்கோடு இழுத்திருந்ததைப் பார்த்ததுமே தெரிந்தது. உறுதி பண்ண, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, தடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். முன்னால் அந்த மூட்டில் புஸ் என்று அடித்தது. பேக்கிங் மாற்றியதோடு அதுவும் நின்றது.

இதே போன்ற இன்னும் சில, தெரிந்தவர்கள் வண்டியில் பார்த்தவை. பிளக் மாற்றிய அன்றே முன்னாலும் பின்னாலும் வெடிக்க ஆரம்பித்தால் ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இந்த இன்ஜினுக்குச் சிலிண்டர்கள் அடிக்கும் வரிசை 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். மழைநாளில் மட்டும் மிஸ் ஆனால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து, பிளக் ஒயர்கள் மேல் தண்ணீரை லேசாகப் புகைபோல் தெளியுங்கள். கசிகிற இடத்தில் ஸ்பார்க் நீலமாக ஓடும். கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கீறினது போல ஒரு கருங்கோடு இருந்தால் சுரண்டிச் சுத்தம் பண்ணிப் பயனில்லை, கேப்பை மாற்றத்தான் வேண்டும். பாயிண்ட் முகம் சீக்கிரம் சீக்கிரம் கருகினால் கண்டென்சர். ஆனால் இப்போது கிடைக்கும் புதுக் கண்டென்சரில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டதும் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பழையதை நான் தொடுவதே இல்லை.

டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி, அந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். காற்றுக்கும் குழந்தைகளுக்கும் அது மிக நல்ல காரியம். ஆனால் அந்த ஈயம்தான் இந்தப் பழைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. கடினமான சீட் பொருத்தாத ஹெட்டில், வேகமாக நெடுந்தூரம் ஓட்டினால், வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். டேப்பட் இடைவெளி குறையும். “முன்னைக்கு இப்ப டேப்பட் சத்தமே இல்ல, வண்டி அமைதியா ஓடுது” என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இடைவெளி பூஜ்யமானால் வால்வு மூடாது, கருகும். 15 தௌ இருக்க வேண்டும், அந்த டிக் டிக் கேட்க வேண்டும். வால்வு கருகிவிட்டதா என்று பார்க்க, ஸ்லோவில் விட்டுச் சைலன்சர் வாய்க்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ள வேண்டும். நடுநடுவே உள்ளே இழுத்தால் பெரும்பாலும் வால்வுதான், ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025-இலிருந்து பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். கணினி வைத்த வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும். ஜெட் வைத்த கார்பரேட்டருக்கு அது தெரியாது, ஆகவே பழைய செட்டிங்கிலேயே கலவை காய்ந்துபோகிறது. நன்றாக ஓடிய வண்டி சமீபகாலமாகக் குளிரில் முன்பக்கம் துப்ப ஆரம்பித்திருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். மேலே சொன்ன சோக் சோதனையே இதற்கும் போதும். சோக்கை லேசாக இழுத்தால் சரியாகிறதா, மேனிஃபோல்டில் காற்று இழுக்கவில்லையா, அப்போது ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போடலாம், பிளக் நிறத்தைப் பார்த்து. வெளுத்திருந்தால் கலவை இன்னும் காய்ந்திருக்கிறது, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், இளம் பழுப்பு என்றால் விட்டுவிடுங்கள். பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஹோஸ் உள்ளே உரிந்து வந்த துகள் ஜெட்டில் அடைத்தால், அப்போது நிஜமாகவே கார்பரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

என் டிக்கியில் ஒரு பாயிண்ட் செட், ஓடிப் பார்த்து நல்லது என்று தெரிந்த ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டர், ஃபீலர் கேஜ், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் வைத்த டெஸ்ட் லேம்ப் இருக்கும். கூடவே இப்போது கார்பன் பிரஷ் வால் இரண்டு. பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை இருந்தால் கேட்டுப் பாருங்கள், தேய்ந்த பிரஷ்ஷைச் சும்மாவே கொடுப்பார்கள்.